தாளிக்காத கூட்டு

கல்யாண வீட்டிலிருந்து வருகிறீர்களா என்று கேட்டீர்கள். வேட்டி முனையில் இருக்கும் மஞ்சளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள், தெரிகிறது. கல்யாணம் இல்லை. இது படையலில் வைத்த வேட்டி. யாருக்குப் படைத்தது என்று கேளுங்கள். எனக்கு. நான் செத்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

நகர்ந்து உட்காராதீர்கள், அந்தப் பக்கம் வெயில். கண்டக்டர் எனக்கு டிக்கெட் கொடுத்ததை நீங்களே பார்த்தீர்கள். சோளிங்கரில் ஏறினேன், திருத்தணிக்கு டிக்கெட். அங்கிருந்து எங்கே என்பதைத் திருத்தணியில் இறங்கிப் பார்த்துக்கொள்வேன். என் பெயர் தணிகாசலம். செத்தவன் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வானா?

நான் செத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அது அவர்கள் சௌகரியம். என் பேச்சு சாப்பாட்டைப் பற்றியது. படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

மாட்டுப் பொங்கல் அன்று எங்கள் பக்கம் செத்தவர்களுக்குப் படைப்போம். அவரவருக்கு ஒரு இலை. அவரவருக்குப் பிடித்தது அவரவர் இலையில். அதற்கப்புறம்தான் உயிரோடு இருப்பவர்களுக்குப் பந்தி. அந்தப் பந்தியில் விட்டுக்கொடுக்க முடியாதது என்று சில உண்டு. முதலில் கருவாட்டுக் குழம்பு. மொச்சையும் கத்தரிக்காயும் போட்டது. மொச்சை பச்சை மொச்சையாக இருக்க வேண்டும், காய்ந்ததை ஊறவைத்துப் போட்டால் அது வேறு குழம்பு. கருவாடு வஞ்சிரம். நெத்திலி போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அப்புறம் ஆட்டு ஈரல், மிளகு தூவி வறுத்தது, தோல் செருப்பு மாதிரி ஆகுமுன் இறக்கிவிட வேண்டும். உளுந்து வடை. அவித்த முட்டை, அறுக்காமல் முழுசாக. அறுத்த முட்டை ஆஸ்பத்திரியில் கொடுப்பது. முந்தின நாள் சர்க்கரைப் பொங்கல் ஒரு கை, ஆறிப்போய் இறுகினது. இவ்வளவுதான். கோழி வேண்டும், பிரியாணி வேண்டும் என்று நான் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை.

நீங்கள் சைவமா? பரவாயில்லை. கேட்பதில் தப்பில்லை.

இன்று மத்தியானம் ஒரு மணிக்கு என் வீட்டுக்குப் போனேன். பதினேழு வருஷம் கழித்து. நெல்லூரிலிருந்து வருகிறேன். அங்கே ஒரு ரைஸ் மில்லில் எடை போடுகிற வேலை. மில்லுக்கு எதிரில் ரமணம்மா என்று ஒருத்தி சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். கருவாடு நன்றாகச் செய்வாள், மொச்சை போட நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அது வேறு கதை. மார்கழியில் அவளுடைய மகன் வெளிநாட்டிலிருந்து வந்தான். கடைக்குப் பின்னால் இருந்த அறை தனக்கு வேண்டும் என்றான். எடுத்துக்கொள்ளட்டும், அவன் அம்மாவின் அறை. அதற்காக நான் கிளம்பி வந்தேன் என்று நினைக்காதீர்கள். பொங்கல் வருகிறது, ஊரில் ஒரு பந்தியில் உட்காரலாம் என்று தோன்றியது, வந்தேன். அவ்வளவு. ஒரு இலை. வேறென்ன கேட்கப் போகிறேன்.

தெருவுக்குள் நுழைந்தால் என் வீட்டு வாசலில் கூட்டம். புதுச்சட்டை போட்ட ஆட்கள் நாலைந்து பேர், ஒரு கார். சுகந்திக்குத் தலைப் பொங்கல். சுகந்தி என் மகள். ஆவணியில் கல்யாணம் ஆகியிருக்கிறது, டீக்கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா அப்பா எல்லாரும் வந்திருக்கிறார்கள். அத்தனை பேர் நடுவில் போய் நிற்பானேன் என்று பின்சந்து வழியாகப் போனேன். பயமா? எனக்கென்ன பயம். என் வீடு. வெயில் முன்பக்கம் அடித்தது.

பின்கதவு திறந்திருந்தது. அடுப்பங்கரையில் யாரும் இல்லை. கூடத்தில் யாரும் இல்லை. முன்கதவு சாத்தியிருந்தது. சுவரோரம் இரண்டு இலை, கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்போது புரிந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. படையல் போட்டு, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலில் போய் நிற்போம். செத்தவர்கள் வந்து சாப்பிட அவகாசம். பத்து நிமிஷம் கழித்து மூன்று தடவை தட்டிவிட்டு, வீட்டுக்குப் பெரியவர் முதலில் உள்ளே வருவார்.

நான் வந்த நேரம் அது. எனக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை. என் அப்பாவைச் சொல்கிறேன்.

சுவரில் அப்பா படம். பக்கத்தில் என் படம். சந்தனம், மாலை, சின்ன சிவப்பு பல்பு. எங்கள் கல்யாணப் படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். என் தோளுக்குப் பக்கத்தில் அவள் புடவை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவளை முழுசாக வெட்டத் தெரியவில்லை. அவள் என்றால் என் மனைவி சம்பூரணம்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். அப்பா படத்துக்குக் கீழே இருந்த இலையில் மொச்சைக் கருவாட்டுக் குழம்பு. ஈரல். வடை நாலு. முழு முட்டை. ஆறின சர்க்கரைப் பொங்கல். ஓரத்தில் ஒரு சுருட்டு. என் படத்துக்குக் கீழே என்ன தெரியுமா? வெறும் சோறு. சுரைக்காயும் பாசிப்பருப்பும் வேகவைத்த கூட்டு. ஒரு பொட்டுக் கடுகு இல்லை, ஒரு இணுக்குக் கறிவேப்பிலை இல்லை, தாளிக்கவே இல்லை. ஒரு டம்ளர் மோர். முடிந்தது.

செத்த மனிதனுக்கு வைக்கிற சாப்பாடா இது? இலை மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவசரத்தில், மாப்பிள்ளை வீட்டார் வந்த பரபரப்பில், அங்கே வைக்க வேண்டியதை இங்கே வைத்துவிட்டாள். அப்பாவுக்கும் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுரைக்காய் யாருக்குப் பிடிக்கும்? எங்கள் வம்சத்தில் யாருக்கும் பிடிக்காது. அப்புறம் அது யாருக்கு?

இலைக்குத் தலைமாட்டில் இந்த வேட்டி இருந்தது. முனையில் மஞ்சள் தடவி, மடிப்புக் கலையாமல். என் வேட்டி மூன்று பஸ் மாறி வந்ததில் கரியாகிக் கிடந்தது. எனக்கு வைத்ததை நான் உடுத்திக்கொண்டேன். பழையதைச் சுருட்டிப் பையில் வைத்தேன். அப்புறம் அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அப்பாவின் இலையில் மகன் கை வைத்தால் குற்றமா? உயிரோடு இருந்தபோது எத்தனை தடவை வைத்திருக்கிறேன்.

ஈரல் நன்றாக இருந்தது. குழம்பில் புளி குறைவு.

இரண்டாவது வடையைப் பிய்த்தபோது கதவைத் தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. சாப்பிட்டது போதும், எழுந்திருங்கள் என்று செத்தவர்களுக்குச் சொல்கிற தட்டு அது. நான் எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்க வேண்டும்? கதவு ஒரு ஆள் அளவுக்குத் திறந்தது. சம்பூரணம் கையில் தீர்த்தச் சொம்போடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். கத்துவாள், சொம்பைப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. முதுகாலேயே கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள்.

"அது மாமா இலை," என்றாள்.

பதினேழு வருஷம் கழித்துப் புருஷனைப் பார்த்துச் சொல்கிற முதல் வார்த்தை. அவளுக்கு மாமா என்றால் என் அப்பா.

"தெரியும். நீ இலையை மாத்தி வச்சிட்ட."

"ஒண்ணும் மாறல."

"அப்ப எனக்குச் சுரைக்கா ஆகாதுன்னு மறந்துட்டியா?"

"மறக்கல."

மறக்கவில்லையாம். மறக்காதவள் வைக்கிற இலையா அது? வயசாகிவிட்டது, ஞாபகம் இல்லை, அதை ஒத்துக்கொள்ளப் பெண்களுக்கு மனசு வராது.

"தாளிக்கக்கூட இல்ல," என்றேன்.

"அன்னிக்கு வச்ச சாப்பாடுதான். நீங்க தின்னாம போனது."

அன்னிக்கு என்றால் எந்த அன்னிக்கு? உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர் சொல்வதை நம்புவீர்கள். கருவாட்டுக்காக வீட்டை விட்டு ஓடினவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அது பொய். அன்றைக்கும் மாட்டுப் பொங்கல். சுகந்திக்கு எட்டு வயசு, அம்மை போட்டிருந்தது. அம்மை போட்ட வீட்டில் கவுச்சி கூடாது, எண்ணெய்ச் சட்டி கூடாது, தாளிக்கக் கூடாது, எல்லாம் எனக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற மாட்டுப் பொங்கல். குழந்தை உள்ளறையில் வேப்பிலையில் படுத்திருக்கிறது, இங்கே கூடத்தில் ஒருவன் ஒரு வாய் குழம்பு சாப்பிட்டால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாளா? கேட்டேன். அவள் எவர்சில்வர் தட்டில் சோற்றைப் போட்டு, வெந்த சுரைக்காயை ஊற்றி, முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் மோர். நான் தட்டைத் தள்ளினேன். எறிந்தான் என்று சொல்வார்கள். தள்ளினேன். தட்டு சுவர் வரைக்கும் போனது, அதற்கு நான் என்ன செய்வது. குழந்தை சத்தத்தில் எழுந்து அழுதது. அழுகிற வீட்டில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? வெளியே போய் ஏதாவது சாப்பிட்டு வரலாம் என்று கிளம்பினேன். நடந்தது இதுதான். திரும்பி வரக் கொஞ்சம் நாள் ஆகிவிட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

"நான் எப்ப செத்தேன்?" என்று கேட்டேன். உரிமையான கேள்விதானே.

"ரெண்டு வருஷம் முன்னால. சுகந்திக்கு வரன் வர ஆரம்பிச்சப்ப." குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், வாசலில் ஆட்கள். "அப்பா எங்கன்னு கேட்டாங்க. முதல் ரெண்டு வரன்கிட்ட உண்மையச் சொன்னேன். திரும்பி வரல. மூணாவதா வந்தவங்ககிட்ட செத்துட்டார்னு சொன்னேன்."

"எதுல செத்தேன்?"

"நெஞ்சு வலி. நெல்லூர்ல."

"நான் நெல்லூர்ல இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

சொம்பைக் கை மாற்றிப் பிடித்தாள். பார்த்தீர்களா? நான் இருக்கிற இடம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு நாள் தேடி வரவில்லை, ஒரு கடுதாசி போடவில்லை. இவர்கள் என்னைக் குற்றம் சொல்கிறார்கள்.

"இந்த இலையப் பார்த்தா சம்பந்தி வீட்டுல கேக்க மாட்டாங்களா? இன்னாத்துக்கு இப்படிப் பத்தியச் சாப்பாடுன்னு?"

"கேட்டாங்க. கடைசி காலத்துல அதுதான் ஒத்துக்கிச்சுன்னு சொன்னேன்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். நான் அப்பா இலையில் இருந்த மிச்ச வடையை எடுத்தேன். அவள் வந்து என் கையிலிருந்து அதை வாங்கி இலையில் வைத்தாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். கீழே கிடந்ததை எடுத்து வாயில் வைக்கப் போகும் குழந்தையிடம் வாங்குவதுபோல.

அப்போது வெளியே ஒரு பெண் குரல். "அம்மா, வரலாமா? இவருக்குப் பசி தாங்கலியாம்."

சுகந்தி. எட்டு வயசில் கேட்ட குரல் எப்படி இருக்கும், இருபத்தைந்து வயசில் எப்படி இருக்கும், எனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்துவிட்டது. பின்னால் யாரோ ஒரு ஆண், "நான் எப்ப சொன்னேன்? இவதான் வடையப் பார்த்துக்கினே நின்னா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிப்புத் தனியாகக் கேட்டது.

ஒரு வார்த்தை போதும். சுகந்தி என்று நான் கூப்பிட்டிருந்தால் போதும், கதவு திறந்திருக்கும். சம்பூரணத்துக்கும் அது தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலில் விழவில்லை, கெஞ்சவில்லை, அழவில்லை. அவள் கெஞ்சியிருந்தால் நிச்சயம் கூப்பிட்டிருப்பேன். நான் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்களா? வாயில் வடை இருந்தது.

"இன்னும் இல்ல," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "தாத்தா இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

தாத்தா. என் அப்பாவைச் சொன்னாள். உன் அப்பா இன்னும் சாப்பிடுகிறார் என்று சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. அந்த வீட்டில் செத்தவனாகக்கூட எனக்கு இரண்டாவது இடம்தான்.

அப்புறம் என் இலையை இழுத்து எனக்கு முன்னால் வைத்தாள். தண்ணீர் தெளித்தாள்.

"உங்க இலை இது. சாப்பிட்டுட்டுப் பின்பக்கமா போங்க."

"பந்தியில உக்காந்து சாப்பிடத்தான் வந்தேன்."

"பந்தியில இலை எண்ணிப் போட்டாச்சு."

"ஒரு இலை கூடப் போட முடியாதா?"

"உங்களுக்குப் போட்ட இலை முன்னாலதான் இருக்கு."

எழுந்து போயிருக்க வேண்டும். அன்றைக்குப் போன மாதிரி. காலால் ஒரு தள்ளு. நீங்கள் அப்படித்தான் நினைக்கிறீர்கள், எனக்கும் தோன்றியது. ஆனால் காலையிலிருந்து ஒரு டீதான் குடித்திருந்தேன். பசி, வேறொன்றும் இல்லை. சாப்பிட்டேன். சோறு முழுவதும் சாப்பிட்டேன். கூட்டு முழுவதும் சாப்பிட்டேன். அவள் எதிரில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காமலே உப்பு வைத்தாள். மோரைக் கடைசிக் கவளத்தில் ஊற்றினாள். நடுவில் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அடுப்புப் புகை.

கூட்டு மோசமில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

வேட்டியை அப்போதுதான் கவனித்தாள். "அது மாப்பிள்ளைக்கு," என்றாள். படையலில் வைத்ததை மாப்பிள்ளைக்குக் கொடுப்பது உண்டு. "எனக்கு வச்சதுதானே, நான் கட்டிக்கினேன்," என்றேன். இந்த ஒரு விஷயத்தில் நான் ஜெயித்தேன். அவள் பீரோவைத் திறந்து வேறு ஒரு வேட்டி எடுத்து முனையில் மஞ்சள் தடவி வைத்தாள். இரண்டு வாங்கியிருக்கிறாள், பாருங்கள். எனக்கென்று ஒன்று.

அப்பா இலையில் நான் குறைத்த குழம்பையும் ஈரலையும் குண்டானிலிருந்து எடுத்து நிரப்பினாள். என் படத்துக்குக் கீழே வேறு ஒரு இலை போட்டு, அதே சோறு, அதே கூட்டு, அதே மோர் வைத்தாள். வெளியில் இருப்பவர்களுக்குக் காட்ட. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு நிமிஷம். கை அவ்வளவு வேகம். ஒரு கரண்டி கருவாட்டுக் குழம்பை அந்தப் புது இலையில் ஊற்றியிருக்கலாம். கை தவறியாவது. இல்லை.

நான் சாப்பிட்ட இலையை மடித்தேன். இது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நல்ல வீட்டில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும். திரும்பவும் இந்த வீட்டுக்கு வருவேன், உறவு இருக்கிறது என்று அர்த்தம். சாவு வீட்டில் சாப்பிட்டால் எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும். நான் என் பக்கமாக மடித்தேன். அவள் பார்க்கும்படி மடித்தேன். மடித்த இடத்தைக் கையால் ஒரு தடவை அழுத்தியும் விட்டேன்.

அவள் குனிந்து இலையைத் திறந்தாள். ஒட்டியிருந்த இரண்டு பருக்கையை உள்ளே தள்ளினாள். எதிர்ப்பக்கமாக மடித்தாள். என் கையில் கொடுத்தாள்.

"போற வழியில மாட்டுக்குப் போட்டுடுங்க."

பையை எடுத்துக்கொண்டு பின்கதவைத் தாண்டினேன். முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வாங்க, சாப்பிட்டாச்சு," என்றாள் அவர்களிடம். கலகலவென்று எல்லாரும் உள்ளே வந்தார்கள். "அம்மா, வடையில ஒண்ணு குறையுதே," என்று சுகந்தி சொன்னாள். "உன் தாத்தா பசியில வந்திருப்பார்," என்றாள் அவள். மறுபடியும் சிரிப்பு.

சந்து முனையில் ஒரு மாடு கட்டியிருந்தது. கொம்புக்குப் பச்சை அடித்து, நுனியில் பலூன் கட்டியிருந்தார்கள். கழுத்தில் வடை மாலை. என்னைவிட நன்றாகச் சாப்பிட்டிருந்தது. இலையை அதன் முன்னால் நீட்டினேன். அது வாயைத் திறந்தது. நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

நடுச்சந்தில் நின்றுகொண்டு இலையைப் பிரித்தேன். மறுபடியும் என் பக்கமாக மடித்தேன். அப்புறம்தான் போட்டேன்.

யார் பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். மாடு பார்த்தது.